பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மாலை நேர அறை: தொடங்கி நடத்திய அனுபவம்

எங்கள் குடியிருப்புப் பகுதியில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக வாரத்தில் இரண்டு மாலை திறந்திருக்கும் ஓர் அறையைச் சிலர் சேர்ந்து நடத்துகிறோம். எங்களில் ஒருவர்கூடச் சமூகப்பணி படித்தவர் இல்லை. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், மின்பணியாளர் ஒருவர், கணக்கு எழுதுபவர் ஒருவர், வீட்டைக் கவனித்துக்கொள்ளும் இரண்டு தாய்மார்கள், அப்புறம் நான். எல்லோருக்கும் வேலையும் குடும்பமும் உண்டு. இதுபோல் ஒன்றைத் தொடங்க நினைக்கிறவர்கள் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். நாங்கள் செய்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் பிள்ளைகளிடமே கேட்பது என்று முடிவெடுத்தோம். குழந்தைகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989இல் வந்தது. அதன் 12ஆவது பிரிவு, தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. உரிமை என்று தாளில் இருப்பதைத் தெருவில் செய்து பார்க்கலாமே என்று கிளம்பினோம். பள்ளி விட்டு வரும் நேரத்தில் நின்று, என்ன இருந்தால் வருவீர்கள் என்று கேட்டோம். பெரும்பாலான பெரியவர்கள் பாடம் சொல்லித்தரும் இடம் வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் கேட்டது வேறு. யாரும் மதிப்பெண் கேட்காத இடம். சும்மா உட்கார்ந்தாலும் எழுந்து போகச் சொல்லாத இடம். பெண் பிள்ளைகள் இன்னும் துல்லியமாகச் சொன்னார்கள்: சாலையில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கும்படி இருக்கை போடக் கூடாது, இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். எங்கள் நேர அட்டவணை இந்த ஒரு வரியிலிருந்துதான் உருவானது.

இந்த இடத்தில் ரோஜர் ஹார்ட் என்ற உளவியலாளர் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரை பெரிதும் உதவியது. பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக அவர் வரைந்திருக்கிறார். கீழே உள்ள மூன்று படிகள் பங்கேற்பே இல்லை என்பது அவர் வாதம். மேடையில் நிறுத்திவைப்பது, பெரியவர் எழுதியதை வாசிக்கச் சொல்வது எல்லாம் அந்த மூன்றில் அடங்கும். ஏதாவது ஒன்றை முடிவு செய்யும்போதெல்லாம், இப்போது நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று எங்களுக்குள் கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

இடம் கிடைப்பதில் பெரிய கதை இல்லை. கேட்ட முதல் இரண்டு இடங்களில் மறுத்துவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் மாலையில் பூட்டியே கிடந்த ஓர் அறையைத் தந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த கடிதத்தில் எங்கள் நோக்கத்தைப் பற்றி இரண்டு வரிதான் இருந்தது. மீதியெல்லாம் சாவி யாரிடம் இருக்கும், எத்தனை மணிக்குப் பூட்டுவோம், யார் கூட்டிப் பெருக்குவார்கள், ஏதாவது உடைந்தால் யாரிடம் கேட்கலாம் என்பதுதான். அறை வைத்திருப்பவர்களின் கவலைக்கு நாமே முந்திப் பதில் சொல்லிவிட்டால் பேச்சு சீக்கிரம் முடியும்.

நாங்கள் மிக அதிக நேரம் செலவிட்டது பாதுகாப்பு விதிகளில். செவிலியர் அம்மா இதில் துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் சொன்னபடி எழுதிச் சுவரில் ஒட்டினோம். அறை திறந்திருக்கும்போது இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும்; இல்லையென்றால் அன்று திறக்கக் கூடாது. பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசக் கூடாது. தனியாகப் பேச வேண்டுமென்றால் மற்றவர் கண்ணில் படும் மூலையில் பேசலாம். தனிப்பட்ட செல்பேசிச் செய்திகள் கிடையாது. பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டுமே தகவல். பிள்ளைகளின் படத்தை எங்கும் போடக் கூடாது. தன்னார்வலராகச் சேர்கிற எல்லோரும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று தர வேண்டும், அவர்களை நன்கு தெரிந்த இருவரிடம் நாங்கள் நேரில் விசாரிப்போம்.

இதில் சிலருக்கு மனத்தாங்கல் வந்தது. "இத்தனை வருஷமா என்னைத் தெரியும், என்னையே சந்தேகப்படறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். சந்தேகம் இல்லை, விதி எல்லோருக்கும் ஒன்று, முதல் சான்று என்னுடையது என்று காட்டினேன். அவர் சேரவில்லை. நல்ல மனிதர்தான், அவர் போனதில் வருத்தம் உண்டு. ஆனாலும் தெரிந்தவர் என்பதற்காக ஒருவருக்கு விதியைத் தளர்த்தினால், அடுத்தவரிடம் கேட்க நமக்கு வாய் வராது. தொடங்குகிறவர்கள் இதில் உறுதியாக நிற்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம், ரகசியம். ஒரு பிள்ளை "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று தொடங்கினால் அந்தச் சத்தியத்தைச் செய்யக் கூடாது. உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் உதவி செய்யக்கூடியவரிடம் சொல்வேன், வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்புறம் குறுக்கே கேள்வி கேட்காமல் கேட்க வேண்டும். பிள்ளை சொன்ன சொற்களிலேயே குறித்துவைத்து, அன்றைக்கே பொறுப்பாளரிடம் தர வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணும் உள்ளூர்க் குழந்தைப் பாதுகாப்பு அலுவலரின் எண்ணும் அறையில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கின்றன. நாமே துப்புத் துலக்கப் போகக் கூடாது. அது பிள்ளைக்குக் கெடுதல்.

பெற்றோர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். "எதுக்கு இதெல்லாம் சும்மா செய்யறீங்க?" என்ற கேள்வி ஏறக்குறைய எல்லா வீட்டிலும் வந்தது. மிக நியாயமான கேள்வி. தன் பிள்ளையை இன்னொருவரிடம் விடும் எவரும் கேட்க வேண்டியது. எங்களிடம் இருந்த பதில்: எந்த நேரமும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பாருங்கள். சில தாய்மார்கள் அப்படியே வந்தார்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் தங்கள் பெண் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

முதல் வாரங்களில் கூட்டமே இல்லை. வந்தவர்களில் ஒரு பையன் எப்போதும் வாசல் பக்கமே உட்காருவான். ஒரு நாள் என்னிடம், "அக்கா, நீங்களும் கொஞ்ச நாள்ல நின்னுடுவீங்கல்ல?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்த ஒன்றை உறுதி செய்துகொள்கிற மாதிரி கேட்டான். அவனுக்கு முன்னாலேயே சிலர் வந்து, ஆசையாகப் பேசி, காணாமல் போயிருக்கிறார்கள்.

எங்கள் முயற்சியில் எதற்கு முதலிடம் என்று என்னைக் கேட்டால் இந்தக் கேள்வியைத்தான் காட்டுவேன். ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், வழிகாட்டிகளோடு இணைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வை 2002இல் வெளியிட்டார்கள். ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் அதிக நன்மை தெரிந்தது. சில மாதங்களிலேயே முறிந்துபோன உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. அதாவது, பாதியில் விடுகிற உதவி பிள்ளையைத் தொடங்கிய இடத்துக்கும் கீழே தள்ளிவிடலாம். மறுபக்கமும் இருக்கிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் எனப் பல இடர்களில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திடமான, அக்கறையுள்ள மனிதர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் துணைநின்ற காரணங்களில் ஒன்று, பெற்றோர் தவிர நம்பக்கூடிய ஒரு பெரியவர் வாழ்க்கையில் இருந்தது: ஒரு பாட்டி, ஓர் ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர். சாதாரண மனிதர்கள்.

அதனால் ஒரு விதி வைத்தோம். பிள்ளைகளோடு நேரடியாக இருக்க விரும்புகிறவர் ஓராண்டாவது வருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். முடியாதவர்களுக்குக் கணக்கு, பழுதுபார்ப்பு, புத்தகம் சேகரிப்பு என்று வேறு வேலைகள் நிறைய இருக்கின்றன; அதுவும் உதவிதான். விலக வேண்டியவர் முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லி, முறையாக விடைபெற்றுப் போக வேண்டும். தேர்வுக் காலத்தில் ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் அறை திறந்திருக்கும். வாசல் பக்கம் உட்கார்ந்த பையனுக்கு நான் பதில் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். இப்போது விளையாட்டுப் பொருள்களுக்கான கணக்கு அவன் கையில்தான்.

பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு குழு அமைத்து விதிகள் எழுதினார்கள். முதல் விதி: இங்கே யாரும் மதிப்பெண் கேட்கக் கூடாது. ஒரு பெரியவர் வந்த முதல் நாளே ஒரு பெண்ணிடம் அதைக் கேட்டுவிட்டார். அவள் சுவரைக் காட்டினாள். அவர் படித்துவிட்டு, "சரிம்மா, இப்ப என்ன படிச்சிட்டிருக்கே, கதையா?" என்று கேட்டு உட்கார்ந்தார். பெரியவர் பேச்சை மறுக்காத பிள்ளை நல்ல பிள்ளை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் பயமில்லாமல் சுவரைக் காட்டியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நாங்கள் திட்டமிடாத ஒன்றும் நடந்தது. இணையத்தில் விண்ணப்பம் நிரப்பத் தெரியாத முதியவர்களுக்கு உதவலாம் என்று பிள்ளைகளே யோசனை சொன்னார்கள். மாதம் ஒரு மாலை அதற்கு ஒதுக்கினோம். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். கடவுச்சொல்லை முதியவரேதான் தட்ட வேண்டும். அந்த வரிசையில் காத்திருந்தபோதுதான் ஒரே தெருவில் பல வருடம் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஒரு முதியவர் சில நாளாகக் கண்ணில் படவில்லை என்று முதலில் கவனித்துச் சொன்னதும் ஒரு பிள்ளைதான். போய்ப் பார்த்தோம்; காய்ச்சலில் படுத்திருந்தார்.

பணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வரவும் செலவும் மாதாமாதம் சுவரில் ஒட்டப்படும், சின்னத் தொகை என்றாலும்.

தன்னார்வலர்களின் களைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒருவரே சுமந்தால் முதலில் தளர்வது அவர்தான், கூடவே அறையும் மூடும். பொறுப்பை மூவர் முறை வைத்து மாற்றிக்கொள்கிறோம். ஒவ்வொரு மாலையும் பூட்டிய பிறகு பத்து நிமிடம் நின்று, இன்று மனதை அழுத்தியது எது என்று பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்.

முதலில் வந்தவர்களில் இருவருக்கு இப்போது பதினெட்டு வயது முடிந்துவிட்டது. தன்னார்வலராகச் சேர விண்ணப்பம் தந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே சரிபார்ப்பு, அதே ஓராண்டு ஒப்புதல். ஒருவருடைய சான்று வந்துவிட்டது, இன்னொன்றுக்குக் காத்திருக்கிறோம். அதுவும் வந்தால் வாரத்தில் மூன்றாவது மாலையும் திறக்கலாம் என்று பிள்ளைகளின் குழு முடிவு செய்திருக்கிறது.