கடைசியாகப் பேசுகிறவரின் பத்து நிமிடம்

வடசென்னைக் கல்லூரிகளில் கருத்தரங்கம் என்றால் என்னை ஏதாவது ஓர் அமர்வுக்குத் தலைவராகப் போட்டுவிடுகிறார்கள். பொன்னாடை, நினைவுப்பரிசு எல்லாம் உண்டு. வேலை என்னவோ ஒன்றுதான்: முதலில் பேசியவருக்குக் கிடைத்த அதே நேரத்தைக் கடைசிக் கட்டுரையாளருக்கும் வாங்கிக் கொடுப்பது. தொடக்க விழா எப்படியும் இழுத்துவிடும். முன்னால் பேசும் பேராசிரியர்களும் இழுப்பார்கள். சாப்பாட்டு மணி நெருங்கும்போது, "ரெண்டே நிமிஷத்துல முடிச்சிடும்மா" என்ற வார்த்தை யாரோ ஓர் ஆய்வு மாணவியின் தலையில்தான் விழும்.

ஒரு மாணவி பெரம்பூரின் பழைய துணி ஆலையான பின்னி மில்லின் தொழிலாளர்களைப் பற்றிப் பேச வந்தார். மேடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லி முடிக்கவே ஒன்றரை நிமிடம் போயிற்று. பிறகு 1639-இல் கம்பெனிக்காரர்கள் வந்தது, 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பியது, 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம், அதன் தலைவர்களான வாடியா, திரு.வி.க. எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாதது அதில் எதுவுமில்லை. அவர் மட்டுமே தேடிப்பிடித்த விஷயம் கடைசி ஸ்லைடில் இருந்தது. தறிச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாமல், நெசவுப் பிரிவில் கைச்சாடையிலேயே பேசிக்கொண்டதாகப் பெரம்பூர்ப் பெரியவர் ஒருவர் தந்த பேட்டி. அதற்கு வரும்போது நேரம் முடிந்துவிட்டது. கேள்வி நேரத்தில் முதல் கேள்வியாக அதையே கேட்டேன். பெரியவர் செய்து காட்டிய சாடைகளை அவரும் செய்து காட்டினார். பின்வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

ஆகவே கட்டுரையாளர்களிடம் நான் முன்கூட்டியே சொல்வது: நீங்களே கண்டுபிடித்ததை முதல் மூன்று நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். அவைக்கு ஒரே வணக்கம் போதும். வீட்டில் ஒருமுறை வாய்விட்டுப் பேசிக் கடிகாரம் பாருங்கள். மனசுக்குள் படிக்கும் வேகம் மேடையில் வராது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஸ்லைடு, அது இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். யூனிகோடில் அடியுங்கள், பிடிஎஃப் பிரதி ஒன்றையும் பென்டிரைவில் வையுங்கள்.

தலைவர்களுக்கும் உண்டு. மணி அடிக்காதீர்கள், பதறுகிற பிள்ளை இன்னும் பதறும். முன்வரிசையில், பேசுகிறவர் கண்ணில் படும்படி உட்கார்ந்து 'இன்னும் 2 நிமிடம்' என்று அட்டை காட்டினால் போதும். மூத்தவர்களுக்கும் அதே அட்டைதான். (அவர்கள் அதைப் பார்க்காத மாதிரி இருப்பார்கள். அப்போது எழுந்து நிற்க வேண்டியதுதான்.) பெயரையும் ஊரையும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கேள்வி கைவசம் இருக்கட்டும். அவை மௌனமாக இருந்தால் உதவும்.

கேள்வி கேட்கிறேன் என்று மைக் வாங்கித் தன் ஆய்வேட்டையே ஒப்பிக்கிறவர் எல்லா அரங்கிலும் ஒருவர் இருப்பார். நான் மைக்கை அவர் கையில் கொடுப்பதில்லை. பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும்படி தன்னார்வ மாணவரிடம் சொல்லிவைக்கிறேன். "ஐயா, கேள்வி மட்டும்" என்று நான் சொன்னதும் மைக் நகர்ந்துவிடும். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். யாராவது வராமல் போனால் மிஞ்சும் பத்து நிமிடத்தையும் நான் முன்னால் பேசியவர்களுக்குப் பங்கு போடுவதில்லை, கடைசி ஆளுக்கே வைத்துவிடுகிறேன்.