ஆடிப் பதினெட்டில் தீர்த்தமலை: நண்பனின் வேண்டுதல்

அரூர் பக்கத்துத் தீர்த்தமலை தீர்த்தகிரீஸ்வரர் அருளால் நண்பனின் வேண்டுதல் நல்லபடியாக முடிந்தது. 2011-இல் அவன் வேண்டிக்கொண்டது. 2025 ஆடிப் பதினெட்டு அன்று நான் போய்ச் செலுத்திவிட்டு வந்தேன். அவன் அதற்கு முந்தின கார்த்திகையிலேயே காலமாகிவிட்டான்.

வேண்டுதல் கிரிக்கெட்டுக்காக. அதற்கெல்லாமா சாமியிடம் போவார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பரீட்சைக்குப் போகிறோம், மாடு காணாமல் போனாலும் போகிறோம். மனசை எது அரிக்கிறதோ அதைத்தானே அப்பனிடம் சொல்ல முடியும்? என் நண்பனின் மனசை வருஷா வருஷம் அரித்தது ஆர்.சி.பி. என்கிற பெங்களூரு ஐ.பி.எல். டீம்.

நாங்கள் இரண்டு பேரும் ஓசூர் சிப்காட்டில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். அவனுக்கு ஊத்தங்கரைப் பக்கம் ஊர், எனக்கு அரூர். நான் சென்னை டீமான சி.எஸ்.கே., அவன் ஆர்.சி.பி. ஓசூரில் இது சாதாரணம். அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூருதான்; சின்னசாமி ஸ்டேடியத்தில் மேட்ச் பார்த்துவிட்டு ராத்திரியே வீடு திரும்பிவிடலாம். அப்படி ஒரு மேட்ச்சுக்குப் போய்தான் அவன் கோலியிடம் விழுந்தான். அதன்பிறகு எழுந்திருக்கவே இல்லை.

2011 ஏப்ரல் 2-ஆம் தேதி உலகக் கோப்பை ஜெயித்த கையோடு தோனி மொட்டை அடித்துக்கொண்டு வந்து நின்றது ஞாபகம் இருக்கும். மே 28-ஆம் தேதி சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். இறுதிப் போட்டி, சென்னைக்கும் பெங்களூருக்கும். அன்றைக்குக் காலையில் அவன் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து, "எங்க டீம் கப் ஜெயிச்சா தீர்த்தமலைக்கு வந்து மொட்டை போடறேன் ஈஸ்வரா" என்று வேண்டிக்கொண்டான். முரளி விஜய் 95, சென்னை 205. அந்த சீசன் முழுக்க அடித்து நொறுக்கிய கெய்லை முதல் ஓவரிலேயே அஷ்வின் ரன் எடுக்க விடாமல் அனுப்பிவிட்டார். 58 ரன்னில் எங்களுக்கு வெற்றி. மறுநாள் அந்த முடிப்பை அவிழ்த்துவிடுவான் என்று நினைத்தேன். "நான் இந்த வருஷம்னு சொல்லலையே" என்றான்.

அவன் குணத்தைச் சொல்ல இந்த ஒரு வார்த்தை போதும். 2016-இல் கோலி ஒரே சீசனில் 973 ரன் அடித்தும், சொந்த மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில் 8 ரன்னில் தோற்றார்கள். அடுத்த வருஷம் கொல்கத்தாவிடம் 49 ரன்னுக்குச் சுருண்டார்கள். மறுநாள் காலை ஷிப்டுக்கு அவன் அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்தான். கேன்டீனில் ஆளாளுக்கு கலாய்த்தார்கள். சிரித்துக்கொண்டே இட்லி சாப்பிட்டான். ஜெயிக்கிற டீமுக்கு மாறிக்கொள்கிறவர்களை அவன் திட்டியதில்லை. ஆனால் அவனால் அது முடியாது.

2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பஸ்களைக் கொளுத்தியபோது போக்குவரத்து நின்றுபோய், ஜனங்கள் மூட்டை முடிச்சோடு அத்திப்பள்ளியில் இருந்து ஜூஜுவாடி வரைக்கும் நடந்தே வந்தார்கள். அவன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று, நடக்க முடியாத வயசானவர்களை பைக்கில் ஏற்றி ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டபடி இருந்தான். "தண்ணி குடுக்காத ஊர் டீமுக்கு இன்னும் கை தட்டுவியா?" என்று ஒருத்தர் கேட்டார். "பஸ்ஸைக் கொளுத்துனது டீம் இல்லைங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளை ஏற்றப் போய்விட்டான்.

அப்புறம் சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸ் என்று ஆனபிறகு வேலைக்கு வரவில்லை, ஊரோடு போய்விட்டான். 2024 மே 18-ஆம் தேதி மேட்ச்சை அவன் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தேன். முதல் எட்டு மேட்ச்சில் ஒன்றே ஒன்று ஜெயித்திருந்த டீம், அதன்பிறகு வரிசையாக ஜெயித்து எங்கள் எதிரே வந்து நின்றது. பெங்களூரு 218. நாங்கள் தோற்றாலும் 201 எடுத்துவிட்டால் பிளேஆஃப் என்கிற அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். அதற்குக் கடைசி ஓவரில் 17 வேண்டும். யஷ் தயாள் போட்ட முதல் பந்தை தோனி சிக்ஸர் அடித்தார், இரண்டாவது பந்தில் அவுட். சென்னை 191-இல் நின்றது. அவன் டீம் உள்ளே, என் டீம் வெளியே. வெளியில் தெருவில் யாரோ பட்டாசு வெடித்தார்கள். இவன் கை தட்டவில்லை, டி.வி. சத்தத்தைக் குறைத்தான். "தோனிக்கு இதுதான் கடைசி மேட்ச்சோன்னு தோணுச்சு மச்சி. கத்த மனசு வரல" என்றான். அவன் பார்த்த கடைசி சீசன் அது. நாலே நாளில் ராஜஸ்தானிடம் தோற்று அவர்களும் வெளியே வந்துவிட்டார்கள்.

2025 ஜூன் 3 ராத்திரி, பெங்களூருக்கும் பஞ்சாபுக்கும் இறுதிப் போட்டி; அவன் வீட்டில் அம்மாவும் அவன் பையனும் நானும் இருந்தோம். பையன் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டிருந்தான், முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பெங்களூரு 190. கடைசி ஓவரில் பஞ்சாபுக்கு 29 ரன் வேண்டும். ஹேசல்வுட் போட்ட முதல் இரண்டு பந்தில் ரன் இல்லை என்றதும் பவுண்டரி ஓரத்தில் நின்ற கோலி அழ ஆரம்பித்துவிட்டார். அதன்பிறகு ஷஷாங்க் சிங் எவ்வளவு அடித்தும் 184-தான் வந்தது. 6 ரன்னில் கப். பையன் என்னைக் கட்டிக்கொண்டான். அம்மா எழுந்து சாமி ரூமுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது கையில் அந்த மஞ்சள் முடிப்பு இருந்தது. அத்தனை வருஷமும் அது சாமி படத்துக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது.

"சாமிகிட்ட சொன்னது பாக்கி நிக்கக் கூடாது கண்ணு. எங்களுக்கு வருஷம் திரும்பல, மலையேறக் கூடாது. நீ போயிட்டு வந்துடறியா?"

மறுநாள் வெற்றி விழாவுக்கு வந்த கூட்டத்தில் சின்னசாமி ஸ்டேடியத்து வாசலில் 11 பேர் நெரிசலில் இறந்துபோன செய்தி வந்தது. எல்லாரும் இவனைப் போன்றவர்கள்தான். அம்மா போன் பண்ணினார்கள். "அவன் இருந்திருந்தா அந்த கேட்டுலதான் நின்னிருப்பான் கண்ணு" என்றார்கள். என்னால் பதில் பேச முடியவில்லை.

போகும் நாளைக் குறித்ததும் அம்மாதான். ஆடிப் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. கோலியின் சட்டை எண் 18, ஜெயித்தது 18-ஆவது சீசன், அவன் கடைசியாகக் கொண்டாட மறுத்த மேட்ச் மே 18. அம்மாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது, நல்ல நாள் என்று சொன்னார்கள், அவ்வளவுதான். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

முதலில் அனுமந்தீர்த்தம். ஊத்தங்கரையைத் தாண்டினதுமே வண்டிகள் ஊர்ந்தன. தென்பெண்ணைக் கரையில் தலை தலையாகக் கூட்டம். குலதெய்வத்தைத் தூக்கி வந்து நீராட்டுகிறவர்கள், தாலிக்கயிறு மாற்றுகிறவர்கள், பம்பை சத்தம், அருள் வந்து ஆடுகிறவர்கள். அதெல்லாம் பார்க்க நிறைவாக இருந்தது. ஆனால் யாருடையது என்றே தெரியாத காலி இடத்தில் கயிறு கட்டிவிட்டு வண்டிக்கு நூறு ரூபாய் கேட்கிறார்கள். ரசீது கேட்டால் முறைக்கிறார்கள். குளித்துவிட்டுப் பழைய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள், கால் வைத்த இடமெல்லாம் புடவையும் வேட்டியும் சுற்றுகிறது. கும்பிடுகிற ஆற்றையே குப்பைத்தொட்டி ஆக்கினால் எப்படி? தயவுசெய்து செய்யாதீர்கள்.

தண்ணீரில் நிற்கும்போது தல வரலாறு மனதில் ஓடியது. எல்லாருக்கும் தெரிந்ததுதான். ராவண வதம் முடிந்து சிவ பூஜை செய்ய நினைத்த ராமர், தீர்த்தம் கொண்டுவர அனுமனை காசிக்கு அனுப்புகிறார். அனுமன் வரத் தாமதமாகிறது. பூஜை நேரம் தவறக் கூடாதென்று ராமர் தீர்த்தமலையில் அம்பு விட்டுத் தீர்த்தம் வரவழைத்து முடித்துவிடுகிறார். பிறகு வந்து சேர்ந்த அனுமன் மனம் தாளாமல் கங்கை நீர்க் கலசத்தை வீசி எறிகிறார். அது விழுந்த இடம்தான் அனுமந்தீர்த்தம்.

சின்ன வயசிலிருந்து கேட்ட கதை, அன்றைக்குத்தான் அதில் அனுமனின் பக்கம் நின்று பார்த்தேன். அவ்வளவு தூரம் போய், அவ்வளவு சிரத்தையாகக் கொண்டுவந்த தண்ணீர், வந்து சேரும்போது யாருக்கும் தேவைப்படவில்லை. அந்த வேதனை எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் இன்றைக்கும் ஜனங்கள் முதலில் இங்கே முழுகிவிட்டுத்தான் மலைக்குப் போகிறார்கள். தாமதமாக வந்த தண்ணீருக்குத்தான் முதல் மரியாதை. கப் வந்து என்ன பிரயோஜனம், பார்க்க ஆள் இல்லையே என்று ஜூன் மாதத்திலிருந்து எனக்குள் ஒரு பாரம் இருந்தது. மூன்று முறை முழுகி எழுந்தேன். பாரம் பாதி இறங்கிவிட்டது. ஆஞ்சநேயா, நீ கொடுத்த ஆறுதல் அது.

தீர்த்தமலை அடிவாரத்தில் மொட்டை. முடி எடுத்தவர் பெரியவர். நண்பனுக்காக என்றதும் வேறெதுவும் கேட்காமல், தலையைத் தண்ணீர் விட்டு ரொம்ப நேரம் நீவிவிட்டு, கிழக்கே பார்த்து உட்கார வைத்துப் பதமாக எடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும். அடிவாரத்து சாமியைக் கும்பிட்டு ஏற ஆரம்பித்தேன்.

ஏற்றம் கடுமை. படிகளும் சரிவுமாகப் போகும் பாதை. மேகம் இல்லாத வெயில், மொட்டைத் தலையில் நேராக இறங்கியது. சிறப்பு தரிசனத்துக்கு ஆள் தெரியும் என்று ஒருவர் பாதி வழி வரை விடாமல் கூடவே வந்தார். தேங்காய் பையைக் குரங்கு பிடுங்கியது, பழம் போனது, தேங்காய் தப்பியது. ஒரு வளைவில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். டயாலிசிஸ் முடிந்து வரும் நாளில் வீட்டு வாசல் நாலு படியை அவன் எப்படி ஏறுவான் என்பது கண்ணுக்குள் வந்தது. எழுந்துவிட்டேன். அருணகிரிநாதர் பாடிய மலை, ஏறுகிறவர்களைத் தீர்த்தகிரீஸ்வரர் கைவிடுவாரா?

மேலே ராம தீர்த்தம். உச்சிப் பாறையில் இருந்து விழும் அந்தத் தண்ணீர் எந்தக் கோடையிலும் வற்றியதில்லை என்பார்கள். அங்கேயும் வரிசை, தள்ளுமுள்ளு, செல்பி எடுக்க நிற்கிறவர்கள். என் முறை வந்து கீழே நின்றேன். புதுமொட்டையில் அந்தச் சில்லிப்பு விழுந்ததும் உடம்பெல்லாம் உதறியது. "இந்தா மச்சி, இது உன்னோட தண்ணி" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர் பார்த்தார், பார்க்கட்டும்.

சந்நிதியில் கூட்டத்தோடு நகர்ந்து குருக்கள் முன்னால் போய்ச் சேர்ந்தபோது அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றார். அவன் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கிருத்திகை என்பது கூடத் தெரியும். ஆனால் போனவனுக்கு அர்ச்சனை கிடையாதே. பின்னால் தள்ளுகிறார்கள், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. குருக்கள் இன்னொரு தடவை கேட்டார். "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றேன். அவர் என் மொட்டையைப் பார்த்தார், கையில் இருந்த மஞ்சள் முடிப்பைப் பார்த்தார். அவசரப்படவில்லை. நிதானமாக அர்ச்சனை செய்து, தீபாராதனையை லிங்கத்துக்கு முன்னால் ஒரு கணம் கூடுதலாக நிறுத்திப் பிடித்தார். அந்த வெளிச்சத்தில் அப்பனைப் பார்த்தேன். கேட்க வேண்டும் என்று வைத்திருந்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. இப்படி ஒரு நண்பனைக் கொடுத்தாயே, அவனோடு சண்டை போட்டு, மேட்ச் பார்த்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட வைத்தாயே என்றுதான் வந்தது. ஏன் எடுத்துக்கொண்டாய் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. முடிப்பை உண்டியலில் போட்டேன். வடிவாம்பிகைத் தாயிடம் அந்த 11 பேர் குடும்பங்களுக்காகவும் நின்று கும்பிட்டேன்.

இறங்கும்போது முட்டி நடுங்கியது, மற்றபடி எதுவும் தெரியவில்லை. திருநீறும் ராம தீர்த்தமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பையன் என் மொட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் சி.எஸ்.கே. ஜெயித்தால் தானும் மொட்டை போடுவதாகச் சொன்னான். "உங்க அப்பா டீமை விட்டுடாதே சாமி" என்றேன். "விடமாட்டேன். இது உங்களுக்காக" என்றான். அவன் அப்பனேதான்.

கார்த்திகையோடு வருஷம் திரும்பிவிடும். மாசி மகத்துக்கு அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு மறுபடி வருகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி இருக்கிறது. தீர்த்தகிரீஸ்வரா, வடிவாம்பிகைத் தாயே, அவர்களை நல்லபடியாக மலையேற்றிவிடு.