பேட்டரி தனி, சார்ஜர் தனி

சரக்கைத் தூக்கி அடுக்கும் டீசல் ஃபோர்க்லிஃப்டைத் தலைமுழுகிவிட்டு மின்சார ஃபோர்க்லிஃப்டுக்கு மாறுவதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. கரூரிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போவது வெள்ளைப் படுக்கை விரிப்புகள். கண்டெய்னருக்குள் டீசல் வண்டி நுழைந்தால் பெட்டிகளில் கரி படியும். உள்ளே அடுக்குகிறவர்கள் இருமிக்கொண்டே வெளியே வருவார்கள். மழையிலும் மேடுபள்ளத்திலும் ஓட்டுகிறவர்களுக்கு டீசலே சரி, எங்களுக்கு அல்ல.

வாங்கியதுதான் பெரும்பாடு. முதல் விலைப்புள்ளியில் மின்வண்டி மலிவாகத் தெரிந்தது. முன்பணப் பேச்சு வந்த பிறகே விற்பனைப் பிரதிநிதி வாயைத் திறந்தார்: "சார், பேட்டரி தனி. சார்ஜரும் தனி." ஓடுவதற்கு மட்டுமல்ல, சுமை தூக்கும்போது வண்டி முன்பக்கம் சாயாதிருக்கவும் பேட்டரியின் எடைதான் துணை. அதைப் போய் உதிரிபாகக் கணக்கில் வைத்திருக்கிறார்கள்! மொத்த விலையை எழுத்தில் கேளுங்கள்.

லித்தியம் பேட்டரியைச் சாப்பாட்டு இடைவேளையில்கூட சார்ஜ் செய்யலாம், விலைதான் கடிக்கிறது. லெட் ஆசிட் பேட்டரிக்கு 8 மணி நேரம் சார்ஜ், பிறகு ஆறவும் விட வேண்டும். எங்களுக்கு ஒரே ஷிப்ட் என்பதால் அதுவே போதும்.

சார்ஜருக்காக மின்பளுவைக் கூட்ட வேண்டியிருந்தது. கிடங்கு வாடகைக்கு எடுத்தது, மின் இணைப்பு உரிமையாளர் பெயரில். சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவரோ பெங்களூரில் மகன் வீட்டில். "ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்" என்பார், ஞாயிறுதான் வரும். கடிதம் கிடைத்தபின் மற்றதெல்லாம் தானாக நடந்தது.

செயல்விளக்கத்தை அவர்கள் வளாகத்தில் பார்க்க மாட்டேன், எங்கள் கண்டெய்னரில்தான் என்று அடம்பிடித்தேன். நல்லதாயிற்று. 20 அடி கண்டெய்னரின் வாசல் உயரம் ஏறக்குறைய 2.28 மீட்டர். வண்டி சிக்கலின்றி நுழைந்தது. இரண்டாம் அடுக்குக்குத் தூக்கியதும் மாஸ்ட், அதாவது சுமையை ஏற்றி இறக்கும் முன்பக்கச் செங்குத்துச் சட்டம், கூரையில் முட்டியது. சட்டம் உயராமலே சுமையை மட்டும் மேலே தூக்கும் 'முழு ஃப்ரீ லிஃப்ட்' வசதி இல்லாத மாஸ்ட்! "டிரைவர் தவறு" என்றார் பிரதிநிதி. ஓட்டியவர் அவர் அழைத்து வந்த ஆள். அந்த முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். மாஸ்டை மாற்றித் தர வைத்ததோடு, சார்ஜரையும் அதே விலைக்குள் எழுதி வாங்கிவிட்டேன்.

லெட் ஆசிட் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் முடிந்த பிறகே ஊற்றுங்கள். முன்பே நிரப்பினால் ஆசிட் பொங்கி வழியும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும், காற்றோட்டம் கட்டாயம். சார்ஜர் வைக்க அந்தப் பிரதிநிதி காட்டிய இடம் எது தெரியுமா? துணி பேல்களுக்கு நடுவே, ஜன்னலே இல்லாத மூலை.