பூண்டு தோண்டிய பிறகு

ஆறாம் மாதத்தில் கூடையைத் திறந்தால் பாதிப் பூண்டு பூஞ்சணம் பிடித்திருக்கிறதா? தவறு பெரும்பாலும் தோண்டிய வாரத்திலேயே நடந்திருக்கும்.

பூண்டின் ஒவ்வொரு தாளும் கீழே போய்க் கிழங்கைச் சுற்றும் ஒரு தோலாகிறது. அதனால் அடித்தாள் மூன்று நான்கு காய்ந்து, மேலே ஐந்தாறு தாள் பச்சையாக நிற்கும்போது எடுப்பதுதான் சரியான பதம். எல்லாத் தாளும் காயட்டும் என்று காத்திருந்தால் தோல் மண்ணுக்குள்ளேயே மக்கி, பல் பிரிந்து வரும். அந்தப் பூண்டு நாள்படாது. எடுப்பதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடவும். பக்கவாட்டில் மண்ணை நெம்பித் தளர்த்திய பிறகு தூக்க வேண்டும். தாளைப் பிடித்து இழுத்தால் கழுத்து அறுந்துவிடும். கூடைக்குள் வீசவும் கூடாது. இடிபட்ட இடம் அன்றைக்கு ஒன்றும் காட்டாது. நீலப் பூஞ்சணம் பின்னால் அந்த வழியாகத்தான் நுழையும்.

கழுவ வேண்டாம். ஒட்டிய மண் காய்ந்ததும் கையால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும். சுள்ளென்ற வெயிலிலும் போடாதீர்கள். சூடேறிய பல் மஞ்சள் மெழுகு மாதிரி கண்ணாடித்தனமாக மாறிவிடும், வெளித்தோலைப் பார்த்தால் எதுவும் தெரியாது. பத்துப் பன்னிரண்டாகத் தாளோடு கட்டி, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடலாம். வலைத்தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பினாலும் சரி. ஈரக்காற்றுள்ள நாட்களில் மின்விசிறி ஓடட்டும். இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாட்கணக்கை நம்புவதைவிட ஒன்றை வெட்டிப் பார்ப்பது மேல்: கழுத்தின் குறுக்கே வெட்டினால் ஈரம் துளியும் தெரியக்கூடாது, வெளித்தோல் காகிதம் போலச் சரசரக்க வேண்டும். பிறகு தண்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு நறுக்கி, வேரை ஒட்ட வெட்டலாம். அடித்தட்டு மட்டும் காயப்படக் கூடாது.

அடுத்தது தரம் பிரிப்பது. இதில் சோம்பல்பட்டால் ஒரு அழுகல் பூண்டு பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். தோல் கிழியாத, இறுக்கமான பூண்டு சேமிப்புக்கு. அதிலேயே பெரியவை விதைக்கு. பல் விரிந்தவை ஒரு மாதத்துக்குள் சமையலுக்கு. மண்வெட்டி பட்டவை அன்றே உரித்துப் பதப்படுத்த.

சேமிப்பில் பலரும் சறுக்குவது பிரிட்ஜில். 5 முதல் 10 டிகிரிக் குளிர், முளைக்கும் காலம் வந்துவிட்டது என்று பூண்டை நம்பவைத்துவிடும். பெரிய கிடங்குகளில் 0 டிகிரியை ஒட்டி வைப்பார்கள், அதை வீட்டில் செய்வது கடினம். 15 முதல் 18 டிகிரியில், 60–70 சதவீத ஈரப்பதத்தில், வலைப்பையில் தொங்கவிட்டால் போதும். அறைச் சூடு இதைவிடக் கூடினால் பல் சுருங்குமே தவிர, எளிதில் முளைக்காது. மூடிய டப்பாவும் பிளாஸ்டிக் கவரும் வேண்டவே வேண்டாம். நடுவில் கட்டைத்தண்டு உள்ள ரகம் மூன்று முதல் ஆறு மாதமும், தண்டில்லாத ரகம் ஆறு முதல் எட்டு மாதமும் தாங்கும். எனவே கட்டைத்தண்டுப் பூண்டை முதலில் தீர்க்கவும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். லேசாகவோ மெத்தென்றோ இருப்பதை உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

மிச்சத்தை உரிக்க, பற்களை இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களுக்குள் வாய்க்கு வாய் வைத்து வேகமாகக் குலுக்கினால் போதும். நன்றாகக் காய்ந்த பூண்டுக்குத்தான் இது பலிக்கும். உரித்ததை முழுசாகவோ அரைத்தோ உறையவைக்கலாம். விழுதைக் கவரில் மெல்லிய தகடாகத் தட்டி வைத்தால், வேண்டிய அளவு உடைத்துக்கொள்ளலாம். இரட்டைக் கவர் கட்டாயம், இல்லையென்றால் ஐஸ்கிரீமிலும் பூண்டு மணக்கும்.

பொடிக்கு 3 மில்லிமீட்டர் வில்லைகளாக நறுக்கி, உலர்த்தும் கருவியில் 55–60 டிகிரியில், வளைத்தால் படக்கென்று ஒடியும் வரை வைக்கவும். மணம் வீடெங்கும் பரவும், அதனால் கருவி வெளித்திண்ணையில் இருப்பது வீட்டாருக்கு நல்லது. ஆறியபின் கண்ணாடிச் சாடியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்து, உட்புறம் ஈரம் கோத்தால் மீண்டும் உலர்த்த வேண்டும். வில்லையாகவே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கொஞ்சமாகப் பொடிக்கவும். பொடி காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும்.

பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைப்பது உயிருக்கே ஆபத்து. காற்றில்லாத, புளிப்பில்லாத அந்த இடத்தில் நரம்புகளை முடக்கும் பொட்டுலிச (botulism) நச்சு உருவாகலாம்; மணத்திலோ சுவையிலோ தெரியாது. 1985இல் கனடாவின் வான்கூவரில், குளிரில் வைக்காத எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். எண்ணெயில்தான் வேண்டும் என்றால் பிரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்க்கவும், அல்லது உறையவைக்கவும்.

5 சதவீத வினிகரில் போட்ட பூண்டு சில நாளில் பச்சையாகவோ நீலமாகவோ மாறினால் பதற வேண்டாம். குளிரில் இருந்த பூண்டில் இது அதிகம். பூண்டின் கந்தகச் சேர்மங்கள் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து உண்டாக்கும் நிறம் அது. தாராளமாகச் சாப்பிடலாம்.