தூதுவளை ஆறு மாதம்

தூதுவளைக் கீரை ஆய்ந்திருக்கிறீர்களா? தண்டில் முள், இலைக்கு அடியில் நடு நரம்பிலும் முள், அதுவும் நேராக இருக்காது, கொக்கி மாதிரி வளைந்து நிற்கும். அவசரப்பட்டால் விரல் நுனியில் ஏறிவிடும். ஒவ்வொரு இலையாகக் கிள்ளி, திருப்பிப் பார்த்து, முள்ளை எடுத்து முறத்தில் போட வேண்டும். ஒரு கட்டை ஆய முக்கால் மணி நேரம் ஆகும், நெய்யில் வதக்கினால் ஒரு கைப்பிடி தேறும், அவ்வளவுதான். மணக்கால் நம்பி என்ற பழைய வைஷ்ணவ ஆசாரியரின் கதையை நான் கேட்டது இப்படிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோதுதான், அதனால் இன்றைக்கும் அந்தக் கதையை நினைத்தால் முதலில் விரல் நுனிதான் குறுகுறுக்கிறது.

கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

2021 மே மாதம் அப்பா போனார். கொரோனா. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க விடவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, பூஜை அலமாரியில் இருந்த பெருமாள் படத்தை எடுத்து ஒரு பழைய துண்டில் சுற்றிப் பரணில் வைத்தேன். கத்தவில்லை, சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். போனில் துக்கம் விசாரித்தவர்கள் எல்லாரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள், "பெருமாள் கூப்பிட்டுக்கிட்டார்மா", "எல்லாம் அவன் கணக்கு" என்று. ஒவ்வொரு தடவையும் அந்தப் படத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தது போல இருந்தது எனக்கு.

ஆடியில் கணவருக்கு மாற்றலாகி ஸ்ரீரங்கம் வந்தோம். ஜன்னலைத் திறந்தால் ராஜகோபுரம், 236 அடி, எந்தத் தெருவில் திரும்பினாலும் கண்ணில் படும். இரண்டு மாதம் ஆகியும் நான் கோவிலுக்குள் கால் வைக்கவில்லை.

கீழ் வீட்டில் ஒரு டீச்சரம்மா. லால்குடிப் பக்கத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியவர், தனியாக இருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. புரட்டாசி ஆரம்பத்தில் ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "ஏம்மா, சாயங்காலம் ஒரு கால் மணி நேரம் கிடைக்குமா உனக்கு? எனக்கு எழுத்து எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி தெரியுது. திருவாய்மொழி தினம் ஒரு பத்து பாசுரம் வாசிச்சுக் காட்டு" என்றார்.

எனக்கு மறைத்துப் பேச வராது. "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை போயிடுச்சு டீச்சரம்மா" என்றேன்.

"எனக்கு நம்பிக்கை இருக்கு. உனக்குக் கண்ணு இருக்கு. போதாதா?"

அதற்கு மேல் என்ன சொல்வது? சரி என்று சொல்லிவிட்டேன்.

நான் படித்தது கணக்கு, பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை. பாசுரத்தை எங்கே பிரித்துப் படிப்பது என்றே தெரியாது. தப்பாகப் பிரித்தால் டீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டே திருத்துவார், அர்த்தம் கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கோவிலுக்கு வா என்று சொன்னதில்லை. படித்து முடித்ததும் ஒரு டம்ளர் டீ, "நாளைக்கு வந்துடு", அத்தோடு சரி.

திருவாய்மொழி நம்மாழ்வார் பாடியது, பத்துப் பகுதிகள், ஒவ்வொரு பகுதிக்கும் பத்து என்றே பெயர். ஐந்தாம் பத்தில் ஆராவமுதே என்று ஒரு பதிகம், குடந்தை, அதாவது கும்பகோணத்துப் பெருமாள் மேல் பாடியது. "உடலம் நின்பால் அன்பாயே நீராய் அலைந்து கரைய" என்ற இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்கு விளக்கத் தெரியாது. ஆறு மாதமாக வராத அழுகை அங்கே வந்தது. டீச்சரம்மா என் தோளைத் தொடவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய், சர்க்கரை டப்பா எது, உப்பு டப்பா எது என்று தடவித் தடவிப் பார்த்து டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். அப்புறம்தான் சொன்னார், தொலைந்து போன ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரமும் திரும்பக் கிடைத்தது இந்தப் பதிகத்தால்தான் என்று. காட்டுமன்னார்கோவிலுக்கு வந்த யாத்ரீகர்கள் இதைப் பாட, அந்த ஊர் ஆசாரியர் நாதமுனிகள் கேட்டிருக்கிறார். கடைசிப் பாட்டில் "ஆயிரத்துள் இப்பத்தும்" என்று வருகிறதே, அப்படியானால் மிச்சம் எங்கே என்று தேடிக் கிளம்பிக் குடந்தைக்குப் போய், அங்கிருந்து ஆழ்வார்திருநகரிக்குப் போய், நம்மாழ்வார் மேல் மதுரகவி பாடிய கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னிரண்டாயிரம் தடவை சொல்லி நம்மாழ்வாரிடமிருந்தே வாங்கி வந்தார் என்பது மரபு.

அந்த நாதமுனிகளின் பேரனைப் பற்றியதுதான் தூதுவளைக் கதை. மார்கழியில் எனக்கு விடாத இருமல். டீச்சரம்மா கொல்லை வேலியில் படர்ந்திருந்த தூதுவளையைப் பறிக்கச் சொல்லி, "நீயே ஆய்ஞ்சுக்கோ, எனக்கு முள்ளு தெரியாது" என்று முறத்தை என் முன்னால் தள்ளிவிட்டுச் சொன்ன கதை.

நாதமுனிகள் தன் பேரன் பிறப்பான், அவன்தான் அடுத்து இதைத் தாங்கப் போகிறவன் என்று தன் சீடர் உய்யக்கொண்டாரிடம் சொல்லிவைத்தார். உய்யக்கொண்டார் திருவெள்ளறைக்காரர். யோகம் கற்றுக்கொள்கிறாயா என்று ஆசாரியர் கேட்டபோது, "பிணம் கிடக்க மணம் புணரலாமோ" என்று கேட்டவர். ஊரே துன்பத்தில் கிடக்கும்போது நான் மட்டும் ஆனந்தத்தில் உட்காரலாமா என்று அர்த்தம். அவர் தன் பொறுப்பைத் தன் சீடர் மணக்கால் நம்பியிடம் விட்டுப் போனார். லால்குடி பக்கத்தில் மணக்கால் என்று ஊர் இருக்கிறது, அந்த ஊர்க்காரர். ஆக, மூன்று தலைமுறை ஆட்கள் ஒரு பையனுக்காகக் காத்திருக்கிறார்கள். பையனுக்கோ அது எதுவும் தெரியாது.

பையன் யமுனைத்துறைவன் மகா கெட்டிக்காரன். சின்ன வயதிலேயே சோழ ராஜாவின் சபையில் ஆக்கியாழ்வான் என்ற பண்டிதரை வாதத்தில் ஜெயிக்கிறான். ராணி பூரித்துப்போய் "என்னை ஆள வந்தவரோ" என்று சொல்ல, அதனால் ஆளவந்தார் என்று பெயர். பந்தயப்படி பாதி ராஜ்யம். அப்புறம் அவன் ராஜா. அரண்மனை, நிர்வாகம், குடும்பம். தாத்தா தேடிக் கண்டெடுத்த பாசுரங்கள் ஞாபகத்திலேயே இல்லை.

மணக்கால் நம்பி அரண்மனை வாசலுக்குப் போகிறார். உள்ளே விடவில்லை. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அவர் கையில் இருந்த சாமானைப் பாருங்கள்: நாதமுனிகளின் சீடருடைய சீடர், ராஜாவின் தாத்தா வைத்துப் போன செய்தி கையில் இருக்கிறது, வாசலில் நின்று சத்தம் போட்டிருந்தால் யாராவது போய்ச் சொல்லியிருப்பார்கள். அவர் போய் நின்றது மடைப்பள்ளியில். சமையல்காரரிடம், ராஜாவுக்குத் தூதுவளை பிடிக்குமா, தினமும் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். புத்தி தெளியும், சத்துவ குணம் வளரும் என்று அந்தக் கீரைக்குப் பேர். தினம் பறித்து வருகிறார். ஆறு மாதம். ஆளவந்தார் சாப்பிடுகிறார், நன்றாக இருக்கிறது என்று நினைத்திருப்பார், எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. நாமும் தினம் தட்டில் விழுவதை யாரிடம் கேட்கிறோம்?

ஆறு மாதம் கழித்து நம்பி கீரை கொண்டுபோவதை நிறுத்துகிறார். சில நாள் போகிறது. "ஏன் தூதுவளை இல்லை?" என்கிறார் ராஜா. ஒரு வயதான வைஷ்ணவர் கொண்டுவருவார், இப்போது வருவதில்லை என்கிறார் சமையல்காரர். இனி வந்தால் அழைத்து வா.

நான் கையில் இலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆறு மாதம் கொடுத்தது ஒரு பக்கம். நிறுத்தினாரே, அதை எந்த நாளில் செய்வது என்று தெரிந்திருக்க வேண்டாமா? ஒரு மாதத்தில் நிறுத்தியிருந்தால் ராஜாவுக்குத் தெரிந்தே இருக்காது. நிறுத்தாமலே இருந்திருந்தால் கேள்வியே வந்திருக்காது.

மிச்சத்தை டீச்சரம்மா வேகமாகச் சொல்லி முடித்தார். ராஜா நம்பியை உட்காரவைத்து, பொருள் வேண்டுமா, நிலம் வேண்டுமா என்று கேட்கிறார். எனக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் தாத்தா வைத்த நிதி என்னிடம் இருக்கிறது, அதை ஒப்படைக்கும் வரை தடையில்லாமல் வந்து போக வேண்டும், அவ்வளவுதான் என்கிறார் இவர். தினம் வந்து கீதை சொல்கிறார். நாளாக நாளாக ராஜாவுக்கு நாற்காலி முள்ளாகிறது. நிதியைக் காட்டுங்கள் என்று அவரே கேட்கிறார். இரண்டு ஆற்றுக்கு நடுவில், ஏழு மதிலுக்கு உள்ளே, ஒரு பாம்பு காவல் காக்கிறது என்று சொல்லி அழைத்துவருகிறார் நம்பி. காவிரி, கொள்ளிடம், ஏழு பிராகாரம், ஆதிசேஷன். ஸ்ரீரங்கத்து மூலவர் பெரிய பெருமாள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, இதுதான் உங்கள் தாத்தா சொத்து என்கிறார். ஆளவந்தார் திரும்ப அரண்மனைக்குப் போகவில்லை.

"நம்பி அப்புறம் என்ன பண்ணார்?" என்று கேட்டேன்.

"என்ன பண்ணுவார், சொத்தைக் கொடுத்தாச்சு, வேலை முடிஞ்சுது" என்றார்.

அந்த ஆளவந்தார் பிறகு தன் முறை வந்தபோது என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். காஞ்சிக்குப் போன இடத்தில் யாதவப்பிரகாசரின் மாணவர் கூட்டத்தில் இளைஞர் ராமானுஜரைத் தூரத்தில் பார்க்கிறார். "ஆ, முதல்வன் இவன்" என்று தெரிந்துவிடுகிறது. கூப்பிட்டுப் பேசவில்லை. படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை, குருவோடு இருக்கிறான். காஞ்சிப் பெருமாள் வரதனிடம் வேண்டிக்கொண்டு திரும்பிவிடுகிறார். பின்னால் தன் சீடர் பெரிய நம்பியை அனுப்பி அழைத்துவரச் சொன்னார், ஆனால் ராமானுஜர் வந்து சேரும்போது ஆளவந்தாரின் திருமேனியைத்தான் பார்க்க முடிந்தது, நிறைவேறாத மூன்று ஆசைகளுக்காகக் கையில் மூன்று விரல் மடங்கி இருந்தது என்பார்கள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆளவந்தாரின் சீடர்கள் ஐந்து பேரிடம் அந்தப் பிள்ளை பாடம் கேட்டது. தன்னால் தான் அவன் வந்தான் என்று பார்க்கிற சந்தோஷம்கூட இல்லாமல் ஒரு மனிதர் இப்படி வேண்டிக்கொண்டு போக முடியுமா என்று எனக்கு நினைக்க நினைக்க ஆறவில்லை.

மாசியில் டீச்சரம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. நன்றாக நடந்தது. மருந்து விடும் நாட்கள் முடிந்து புதுக் கண்ணாடி வந்த அன்று, நான் வழக்கம்போல ஆறு மணிக்குப் புத்தகத்தோடு கீழே போனேன்.

"இனிமே நானே படிச்சுக்குவேன்மா. உனக்கு எதுக்குச் சிரமம், ஆபீஸ் வேலை வேற" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். மறுநாள் ஆறு மணி ஆனது. அதற்கு மறுநாளும் ஆனது. எட்டாம் பத்துப் பாதியில் நின்றிருந்தோம். மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை, இறங்கிப் போய்க் கதவைத் தட்டி, "இன்னும் ரெண்டரைப் பத்து பாக்கி இருக்கே டீச்சரம்மா, அதை நான் என்ன பண்ண?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சண்டைக்குப் போவது மாதிரி கேட்டது. அவர் கதவை அகலத் திறந்துவிட்டுப் பாயை விரித்தார்.

சித்திரையில் முடித்தோம். முடித்த அன்று அவரைக் கேட்காமல் நானே சொன்னேன், நாளைக்குக் காலையில் கோவிலுக்குப் போகலாமா என்று. கூட்டத்தில் நின்று, பெரிய பெருமாள் முன்னால் கிடைத்தது எத்தனை நொடி என்று தெரியாது, திருவடியிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன், முகத்துக்கு வருவதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள். பரணில் இருந்த படம் இப்போது அப்பா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா ஏன் போனார் என்பதற்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் இப்போது அந்தக் கேள்வியைப் பெருமாளிடமே கேட்கிறேன், சாயங்காலம் விளக்கு ஏற்றும்போது, சில நாள் கோபமாகக்கூட.

போன மாதம் டீச்சரம்மாவின் பெண் ஊரிலிருந்து வந்திருந்தார். பேச்சுவாக்கில் சொன்னார், "அம்மாவுக்குப் புரட்டாசியிலயே ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு. நான் லீவு கூடப் போட்டுட்டேன். திடீர்னு இப்ப வேண்டாம்னு ஒரே பிடிவாதம். கொரோனா பயம் போலன்னு விட்டுட்டேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சரம்மாவிடமும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கீழே போனபோது அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு வேலியோரம் நின்று தூதுவளை பறித்துக்கொண்டிருந்தார். "இப்ப முள்ளு எல்லாம் நல்லாத் தெரியுது" என்றார். நான் உள்ளே போய் முறத்தை எடுத்துவந்து திண்ணையில் உட்கார்ந்தேன்.