தொந்தரவே இல்லாமல் போய்ப் பார்த்துக்கொண்ட சோதனை

அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயது 54. அதற்கு முன்னால் எட்டு மாதம், மூலம் என்று நினைத்துக் களிம்புதான் தடவிக்கொண்டிருந்தார். ரத்தம் போனால் மூலச்சூடு, மோர் குடி என்பதோடு எங்கள் பக்கம் பேச்சு முடிந்துவிடும்.

போன வருடம் எனக்கு 44 ஆனது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், எது முந்துகிறதோ அப்போதே கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது, தொடங்க வேண்டும். அந்தக் கணக்கில் நான் ஏற்கெனவே நாலு வருடம் பிந்தியிருந்தேன்.

கோபியில் எங்கள் குடும்ப டாக்டரிடம் போனேன்.

"ஏன் கண்ணு, வயித்துவலி, ரத்தம் ஏதாவது இருக்குதா?"

"ஒண்ணுமில்லீங்க டாக்டர்."

"அப்புறம் எதுக்குக் குழாயெல்லாம் உட்டுப் பாக்கோணும்? மலத்தை டெஸ்ட் பண்ணிப் பாத்தாப் போதும்."

நல்ல மனிதர். நடுராத்திரி கூப்பிட்டாலும் வருவார். ஆனால் வருகிறவர்களின் காய்ச்சலையும் சர்க்கரையையும் பார்க்கவே அவருக்குப் பொழுது சரியாக இருக்கும். நன்றாக இருப்பவனிடம் நோயைத் தேடுவது பழக்கமில்லை. அரசின் தேசியத் திட்டத்திலும் 30 வயதுக்கு மேல் வாய், மார்பகம், கருப்பைவாய் என்று மூன்று புற்றுநோய்க்குத்தான் சோதனை. அதனால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் இருபது வருடமாக என் சீட்டை எழுதுகிறவர், அதில் அப்பாவின் நோயைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

சரி என்று மலப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். பழைய முறை; மூன்று நாள் கறி சாப்பிடக் கூடாது. ரத்தம் இல்லை என்று வந்தது. ரத்தம் கசியாத கட்டி அதில் தெரியாதே, அப்பாவுக்கு வந்திருக்கிறதே என்று மறுபடி போய் நின்றேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, கோயமுத்தூரில் குடல் டாக்டர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

சோதனையை விட முந்தைய நாள்தான் பாடு. கீரை, கொள்ளு, கம்பு, விதையுள்ள பழம் எதுவும் மூன்று நாளாகக் கிடையாது. "கொள்ளு ரசம்கூட ஆகாதுங்களா?" என்று வீட்டில் இரண்டு தடவை கேட்டாள். குடலைக் கழுவிவிடும் பேதிப் பவுடரை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, சாயங்காலம் பாதி, விடியற்காலை நாலு மணிக்குப் பாதி. உப்பும் எலுமிச்சையும் கலந்த ஒரு வழவழப்பு. மூன்றாவது டம்ளருக்கு மேல் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடித்தேன். வெறும் மஞ்சள் தண்ணீராகப் போகும்வரை கழிவறையை விட்டு நகர முடியவில்லை.

சோதனை நடந்ததே தெரியவில்லை, மயக்கம் கொடுத்துவிட்டார்கள். 6 மில்லிமீட்டரில் ஒரு பாலிப், குடல் சுவரில் முளைக்கும் சின்னச் சதை, இருந்ததாம், அங்கேயே வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டுவைத்தால் பல வருடங்களில் அப்படி மாறக்கூடிய வகை. ஐந்து வருடம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

ரிப்போர்ட்டை எங்கள் டாக்டரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். என் சீட்டின் தலையில் அப்பாவின் நோயையும் வயதையும் எழுதினார். "தங்கச்சிக்கு எத்தனை வயசு?" என்றார். 41 என்றேன். வரச் சொன்னார்.

கிளம்பும்போது கூப்பிட்டு, "அந்தத் தண்ணி குடிக்க ரொம்பக் கஷ்டமா கண்ணு?" என்று கேட்டார். அவருக்கு 61 வயது.