ஆர்டர் நோட்டை மூடும் நாள்

தீபாவளிக்கு முந்தைய வாரம் தையல் கடைகளில் இரவு இரண்டு மணிக்கும் மிஷின் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் கடைக்காரரிடம் போய் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பயனில்லை. ஒத்துக்கொண்ட துணி மேஜையில் குவிந்து கிடக்கிறது, தைத்துத்தான் ஆக வேண்டும். அந்த வாரத்துத் தூக்கம் நாற்பது நாளைக்கு முன்பே, பில் போடும்போதே போய்விட்டது. அதனால் கணக்கிலிருந்து தொடங்குவதுதான் சரி.

கட்டிங் பார்க்கும் உரிமையாளர் ஒருவர், தைக்கிறவர்கள் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். லைனிங் வைத்த பிளவுஸ் ஒருவர் நாளைக்கு நான்கு முடிப்பார், ஆக எட்டு. நாற்பது நாளில் ஞாயிறு 5 போனால் 35. கடைசி 3 நாளை ஆல்ட்ரேஷனுக்கும் டெலிவரிக்கும் ஒதுக்கினால் 32 நாள், 256 பிளவுஸ். இதை அப்படியே நோட்டில் எழுதுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். கரண்ட் போகும், தையல்காரர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வரும், மோட்டார் பெல்ட் அறும். ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 205-இல் நோட்டை மூடிவிட வேண்டும். எண்ணிக்கை நிறைந்த அன்றே ‘தீபாவளி ஆர்டர் முடிந்தது’ என்று அட்டை எழுதிக் கதவில் தொங்கவிடுங்கள்.

போன வருடத் தேதியை மனதில் வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது. 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. 2026-இல் நவம்பர் 8. பத்தொன்பது நாள் தள்ளிப் போகும்போது சீசனின் கடைசி வாரங்கள் வடகிழக்குப் பருவமழைக்குள் போய் விழுகின்றன. தீபாவளி இப்படித் தள்ளி வரும் வருடங்களில் கழிவை நான்கில் ஒரு பங்காகக் கூட்டிக்கொள்வது நல்லது.

டெலிவரி தேதியிலும் ஒரு பழக்கம் ஆளைக் கொல்லும். எல்லோருக்கும் ‘தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி வாங்க’ என்று எழுதுவது. நாளுக்கு எட்டு உருப்படி என்று தேதி பிரித்து எழுதினால், போட்டுப் பார்த்துத் திருத்தம் கேட்கிறவர்களும் பிரிந்து வருவார்கள். இல்லாவிட்டால் நூறு பேரின் அக்குள் பிடிப்பும் கழுத்து இறக்கமும் ஒரே சாயங்காலத்தில் வந்து நிற்கும்.

நோட்டை மூடிய பிறகும் வழக்கமான வாடிக்கையாளர் வருவார். “அக்கா, ஒரே ஒரு பிளவுஸ்தானே” என்பார். இங்கே மழுப்பக் கூடாது. ‘பார்க்கலாம்’ என்ற சொல்லை அவர் ‘சரி’ என்றுதான் எடுத்துக்கொள்வார். “தீபாவளிக்கு முடியாதும்மா. தீபாவளி கழிச்சு நாலாம் நாள் முதல் ஆளா உங்களுக்குத்தான்” என்று தேதியோடு சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும். வாங்கிவிட்டுத் தைக்காமல் விட்டால் வரும் கோபம் அதைவிடப் பெரியது.

அடுத்தது, எந்த வேலையை எந்த நேரத்தில் செய்வது என்பது. இரவு ஒன்பதுக்கு மேல் கத்தரியைத் தொடாதீர்கள். காரணம் கையில் இருக்கும் துணியிலேயே தெரியும். பட்டுச் சேலையோடு வரும் பிளவுஸ் பிட் பெரும்பாலும் 80 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரைதான். பார்டர் கைமுனையில் வர வேண்டும் என்பதற்காகத் துணியை மடிக்காமல் ஒற்றையாக விரித்து, ஒவ்வொரு கையாக வெட்டுகிறோம். கையின் முன்பக்கக் குழிவு பின்பக்கத்தைவிட அதிகம். இரண்டாவது கைக்குப் பேட்டர்னைத் திருப்பிப் போட வேண்டும். களைத்த கண் அதை மறந்துவிடும். வெட்டி முடித்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் இரண்டுமே இடது கை. அந்த நிறப் பட்டு வேறெங்கும் கிடைக்காது. கட்டிங்கைக் காலை ஆறிலிருந்து பத்துக்குள் முடித்துவிட்டு, இரவுக்குக் கொக்கி கட்டுவது, ஹெம்மிங், அயர்ன் போன்றவற்றை வைத்துக்கொள்ளலாம். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் வேலை பகல் வெளிச்சத்துக்கு உரியது.

சாதாரண மேஜை 30 அங்குல உயரம். அதில் துணியை வைத்து நின்றபடி வெட்டினால் நாள் முழுவதும் இடுப்பு வளைந்தே இருக்கும். முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே மேஜைப் பரப்பு இருக்க வேண்டும். 5 அடி 3 அங்குலம் உள்ளவருக்கு அது ஏறக்குறைய 35 அங்குலம். மேஜைக் கால்களுக்கு அடியில் குழி வெட்டிய மரக்கட்டை வைத்து உயர்த்தினால், இருநூறு உருப்படி வெட்டும் சீசனில் இடுப்பு பிழைக்கும். கத்தரிக்குச் சீசன் தொடங்கும் முன்பே சாணை பிடித்துவிடுங்கள். மழுங்கிய கத்தரியை அழுத்தி அழுத்தித்தான் கட்டைவிரல் அடியில் வலி பிடிக்கிறது. கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். சுரீர் என்று வலித்தால் அங்கே தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். நடுராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால் அது மணிக்கட்டு நரம்பு அழுந்துவதன் அடையாளம். இரண்டையும் ‘தீபாவளி போகட்டும்’ என்று தள்ளாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கூட்டம் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை. அதனால் சாப்பாட்டை ஒன்றரைக்குள் முடித்து, மூன்று மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கி, நாற்காலிமேல் காலை உயர்த்தி வைத்து 20 நிமிடம் தரையில் படுப்பது நடக்கக்கூடிய காரியம். டீயைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். டீ இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது, ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது முக்கியம். கடையில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் நிறைய. பக்கத்துக் கடையிலோ வீட்டிலோ சீசனுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்த் தொற்று வந்தால் வேலை நாட்களும் போகும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தள்ளவே கூடாது. வியர்த்து, கை நடுங்கி, கண் மங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பாடு. சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தையல்காரர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

விரலில் ஊசி ஏறினால் இழுக்காதீர்கள். மோட்டார் சுவிட்சை அணைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பி ஊசியை மேலே ஏற்ற வேண்டும். ஊசி உடைந்திருந்தால் துண்டுகளை ஒன்றாக வைத்து நீளம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் முனை விரலுக்குள் இருக்கிறது, எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு மறுநாளிலிருந்து மூன்று நாள் விடுமுறை என்பதை அந்த முதல் அட்டையிலேயே எழுதிவிடலாம். நான்காம் நாள் கடை திறந்ததும் மிஷினுக்கு எண்ணெய் விட்டு, அடிநூல் சுற்றியிருக்கும் பாபின் கேஸில் சேர்ந்த பஞ்சை எடுத்து, வாங்காமல் கிடக்கும் அளவு பிளவுஸ்களைப் பெயர் பார்த்து அடுக்கி வையுங்கள். அன்றைய முதல் உருப்படி, ‘ஒரே ஒரு பிளவுஸ்’ கேட்டவருடையது.